விரல் கணுக்களில் 108

ருத்ராட்ச மாலை அறுந்து மணிகள் கட்டிலுக்கடியில் ஓடிய நாளிலிருந்து நான் விரலில்தான் ஜபம் எண்ணுகிறேன். பேருந்தில்கூட முடியும்.

வலது கை. மோதிர விரலின் நடுக்கணுவில் கட்டைவிரலை வைத்து முதல் ‘நமசிவாய’. அடுத்து அதே விரலின் அடிக்கணு. அப்புறம் சுண்டுவிரலில் கீழிருந்து மேலாக மூன்று, மோதிர விரல் நுனி, நடுவிரல் நுனி, ஆள்காட்டி விரலில் மேலிருந்து கீழாக மூன்று. பத்து ஆயிற்று. நடுவிரலில் மிச்சமுள்ள இரண்டு கணுக்கள்தான் மேரு, அதாவது மாலையின் தலைமணி மாதிரி; அவற்றைத் தொடுவதில்லை.

ஒவ்வொரு பத்துக்கும் இடது கையில் ஒரு கணு நகர்த்துங்கள். பத்துச் சுற்று முடிந்ததும் இன்னும் எட்டு.

மூச்சு உள்ளே போகும்போது ‘நம’, வெளியே வரும்போது ‘சிவாய’. அடக்கிப் பிடிக்க வேண்டாம். முதலில் வாய்விட்டு, பிறகு உதடு மட்டும் அசைய, கடைசியில் மனதுக்குள். எனக்கோ மனதுக்குள் சொன்னால் முப்பதைத் தாண்டுவதற்குள் இட்லி மாவு புளித்திருக்குமா என்று யோசனை ஓடிவிடும். சரி என்று மறுபடி முணுமுணுப்புக்கே திரும்பிவிடுவேன். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்குவதில்லை; நினைவிருக்கிற பத்திலிருந்து தொடர்கிறேன்.

முழங்கால் வலிக்காரர்கள் என்னைப் போல நாற்காலியில் உட்காரலாம், முதுகு நிமிர்ந்திருந்தால் சரி.