கணினியில் வைஃபை வேலை செய்யவில்லையா? தடை எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

இணையம் நின்றுபோனால் கைக்கு எட்டியதையெல்லாம் அணைத்து மறுபடி போட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். பல நேரம் அது பலிக்கும். ஆனால் கோளாறு எதில் இருந்தது என்பது தெரியாமலே போகும். சில நாளில் அதே தொல்லை திரும்ப வந்து நிற்கும். எதையும் மாற்றுவதற்கு முன் தடை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டால், செய்ய வேண்டியது பெரும்பாலும் ஒரே ஒரு வேலைதான்.

கணினி இணையத்தை அடைய மூன்று கட்டங்களைத் தாண்ட வேண்டும். முதல் கட்டம், கணினியிலிருந்து ரவுட்டர் வரை காற்று வழியாகப் போகும் வைஃபை. அடுத்தது, ரவுட்டரிலிருந்து இணையச் சேவை நிறுவனம் வரை போகும் கேபிள் அல்லது ஃபைபர். மூன்றாவது, கணினிக்கு உள்ளேயே இருக்கும் அமைப்புகள். கீழே சொல்லும் மெனு பெயர்கள் விண்டோஸ் 11-க்கு உரியவை. விண்டோஸ் 10-ல் இடம் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

படி 1: கைபேசியை வைத்துச் சோதியுங்கள்

கைபேசியில் மொபைல் டேட்டாவை முதலில் அணையுங்கள். இதை மறந்தால் சோதனையே வீண். வைஃபையில் இணையம் வராதபோது கைபேசி சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். நீங்களோ வைஃபை நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். பிறகு அதே வைஃபையில் இணைந்து, இதுவரை போகாத ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். அடிக்கடி பார்க்கும் தளமாக இருந்தால், சேமித்து வைத்த பழைய பக்கமே தெரியக்கூடும்.

கைபேசியிலும் வரவில்லை என்றால் படி 2. கைபேசியில் வந்து கணினியில் மட்டும் வரவில்லை என்றால் நேராகப் படி 3-க்குப் போங்கள். இப்போதைக்கு ரவுட்டரைத் தொட வேண்டியதில்லை. வருகிறது, ஆனால் மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது என்றால் படி 6.

படி 2: ரவுட்டரும் வெளி இணைப்பும்

ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் எல்ஓஎஸ் என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, ஃபைபர் வழியாக ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். நூறு முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பயன் இல்லை. ஃபைபர் எங்காவது கூர்மையாக மடங்கியிருக்கிறதா, மேசைக்கோ கதவுக்கோ இடையில் நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முனையைக் கழற்றிக் கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள். உள்ளே வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதி செய்யலாம். மடிப்பு எதுவும் இல்லையென்றால் சேவை நிறுவனத்தை அழைப்பதுதான் வழி.

விளக்குகள் சரியாக இருந்தும் இணையம் இல்லை என்றால், இப்போது ரீஸ்டார்ட் செய்வதில் அர்த்தம் உண்டு. மோடமும் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வாங்கும் பெட்டி) ரவுட்டரும் தனித்தனிப் பெட்டி என்றால் வரிசை முக்கியம்:

1. இரண்டின் மின்சாரத்தையும் நிறுத்தி 30 விநாடி பொறுங்கள். உடனே போட்டால் உள்ளே தங்கியிருக்கும் மின்னேற்றத்தால் சில நேரம் நினைவகம் முழுதாக அழியாது.
2. மோடத்தை மட்டும் போட்டு, விளக்குகள் நிலையாகும்வரை, ஏறத்தாழ 2 நிமிடம், காத்திருங்கள்.
3. அதன் பிறகே ரவுட்டரைப் போடுங்கள்.

ரவுட்டரின் பின்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அது ரீசெட், ரீஸ்டார்ட் அல்ல. அதைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் வைஃபை பெயர், கடவுச்சொல், சேவை நிறுவனம் பதிவுசெய்து கொடுத்த பயனர் விவரம் எல்லாம் அழிந்துபோகும். அந்த விவரங்கள் உங்கள் கையில் இல்லாதபோது இருந்த கோளாறோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்.

படி 3: கணினியில் வைஃபை இயங்குகிறதா?

திரையின் வலது மூலையில் வைஃபை குறிக்குப் பதில் உருண்டை வடிவ உலகக் குறி தெரிந்தால் கணினி பெரும்பாலும் எந்த நெட்வொர்க்கிலும் இணையவில்லை. அதைச் சொடுக்கி, ஏர்பிளேன் மோட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பில் மேல்வரிசை விசை ஒன்றில் விமானமோ ஆன்டெனாவோ வரைந்திருக்கும். கை தவறி அதில் பட்டாலே போதும். பழைய லேப்டாப்புகளில் ஓரத்தில் சிறிய தள்ளு சுவிட்சும் உண்டு.

அடுத்து, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து திரும்பப் போடுவது இதற்குச் சமம் அல்ல. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால், ஷட்டவுன் செய்யும்போது டிரைவர்களின் (சாதனங்களை இயக்கும் சிறு மென்பொருள்களின்) நிலையை வட்டில் சேமித்து, மறுபடி போடும்போது அதையே எடுத்துக்கொள்ளும். குழம்பிய டிரைவர் குழம்பியபடியே எழுந்து வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும்.

வைஃபை என்ற பட்டனே காணாமல் போயிருந்தால், ஸ்டார்ட் பட்டனில் வலது சொடுக்கி டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியை விரியுங்கள். வயர்லெஸ் அடாப்டர் (வைஃபை சிக்னலைப் பிடிக்கும் பாகம்) மீது மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் கோளாறு. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு வந்த தொல்லை என்றால், அடாப்டரின் ப்ராபர்ட்டீஸில் டிரைவர் தாவலுக்குப் போய் ரோல் பேக் டிரைவர் கொடுங்கள். அது மங்கலாக இருந்தால் கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கி நிறுவ வேண்டும். இணையமே இல்லாமல் எப்படி இறக்குவது? கைபேசியை யூஎஸ்பி கேபிளால் கணினியில் இணைத்து, அதன் ஹாட்ஸ்பாட் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். கணினி அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மதர்போர்டில் வைஃபை இருக்கும். பெட்டியோடு வந்த ஆன்டெனாவைத் திருகாமல் விட்டிருப்பார்கள். ஆன்டெனா இல்லாவிட்டாலும் அருகிலுள்ள ரவுட்டரை அது பிடிக்கும் என்பதால், குறை வெளியே தெரியாது. பின்பக்கம் இரண்டு பொன்னிறத் திருகுமுனைகள் வெறுமையாக இருந்தால் இதுதான் காரணம்.

படி 4: பெயர் தெரிகிறது, இணைய மறுக்கிறது

ரவுட்டரில் கடவுச்சொல்லை மாற்றிய பிறகு கணினி பழையதையே அனுப்பிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸ் → நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் → வைஃபை → மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் போய், உங்கள் நெட்வொர்க்குக்கு எதிரே ஃபர்கெட் கொடுத்துப் புதிதாக இணையுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு முக்கியம்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் பழைய கணினி மட்டும் இணையவில்லை என்றால், ரவுட்டரில் டபிள்யூபிஏ3 பாதுகாப்பு மட்டும் போட்டிருக்கலாம். பழைய அடாப்டர்களுக்கு அது புரியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றுங்கள். பாதுகாப்பையே எடுத்துவிடுவது தீர்வு அல்ல.

கைபேசிக்குத் தெரியும் வைஃபை பெயர் கணினியில் பட்டியலிலேயே வரவில்லையா? வைஃபை 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைகளில் ஓடும். அடாப்டர் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் அறிந்ததாக இருந்து, ரவுட்டர் அந்தப் பெயரை 5 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பலாம். அல்லது ரவுட்டர் தானாக 12, 13-ஆம் சேனலுக்கு (அலைவரிசைக்குள் உள்ள சிறு பிரிவு) போயிருக்கலாம். சில நாடுகளுக்காகத் தயாரான அடாப்டர்கள் 11-ஆம் சேனலோடு நின்றுவிடும்.

படி 5: இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் இல்லை

பலரும் திணறுவது இங்கேதான். வைஃபை அமைப்பில் உங்கள் நெட்வொர்க்கின் ப்ராபர்ட்டீஸைத் திறந்து ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து கணினிக்கு முகவரியே கிடைக்கவில்லை. கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. அதே பக்கத்தில் ஐபி அசைன்மென்ட் என்பது ஆட்டோமேட்டிக்காக இருக்கிறதா பாருங்கள். முன்பு யாரோ கையால் ஒரு முகவரியை எழுதி வைத்திருந்தால் ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுங்கள். பிறகு வைஃபையை அணைத்துப் போடுங்கள்.

முகவரி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் அது பெரும்பாலும் சரியான முகவரிதான். இப்போது பிங் சோதனை, அதாவது ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்ப்பது. ஸ்டார்ட் மெனுவில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுங்கள். கருப்புச் சாளரம் திறக்கும். பி, ஐ, என், ஜி என்று ஆங்கிலத்தில் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, கீழே உள்ள முகவரியை எழுதி என்டர் கொடுங்கள். மூன்று முறை, இந்த வரிசையில்:

முதலில் ரவுட்டரின் முகவரி. ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இரண்டாவது, வெளி இணையத்தில் உள்ள 1.1.1.1. மூன்றாவது, ஏதேனும் ஒரு பெரிய தளத்தின் பெயர்.

ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில் வர வேண்டும். முதல் இரண்டும் தோற்றால் கோளாறு வைஃபையில். ரவுட்டர் பதில் தந்து 1.1.1.1 தரவில்லை என்றால் தடை ரவுட்டருக்கு அப்பால்; ஆனால் கைபேசியில் இணையம் வருகிறது என்றால் கணினியில் உள்ள விபிஎன் (இணையப் போக்கை வேறு சர்வர் வழியாகத் திருப்பும் மென்பொருள்) அல்லது ஃபயர்வால் (தடுப்பு மென்பொருள்) மறிக்கக்கூடும். ரவுட்டர் மட்டும் பதில் தராமல் மற்ற இரண்டும் தந்தால் கவலை வேண்டாம். பிங்குக்குப் பதில் தராதபடி சில ரவுட்டர்களை அமைத்திருப்பார்கள்.

எண்களுக்குப் பதில் வந்து பெயருக்கு மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு. தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை அது. வைஃபையின் ஹார்ட்வேர் ப்ராபர்ட்டீஸில் டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்டுக்கு எதிரே எடிட் → மேனுவல் → ஐபிவி4 ஆன் கொடுத்து, முதல் பெட்டியில் 1.1.1.1, மாற்றுப் பெட்டியில் 8.8.8.8 எழுதிச் சேமியுங்கள். முதலாவது கிளவுட்ஃப்ளேர் நடத்துவது, அடுத்தது கூகுள்.

மூன்றுக்கும் பதில் வருகிறது, பிரவுசரில் மட்டும் பக்கம் திறக்கவில்லையா? செட்டிங்ஸில் பிராக்ஸி பக்கம் போய் மேனுவல் பிராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) ஆஃப் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். கணினியின் தேதியையும் பாருங்கள். தேதி தவறினால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தோன்றி, எல்லாத் தளத்திலும் எச்சரிக்கை வரும். மின்சாரத்தை நிறுத்தும்போதெல்லாம் பழைய டெஸ்க்டாப்பில் தேதி பின்னால் போனால், மதர்போர்டிலுள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் அது சிஆர்2032 வகை, விலை சொற்பம்.

படி 6: மெதுவாக வருகிறது, அல்லது அடிக்கடி அறுந்துபோகிறது

முதலில் கணினியையும் ரவுட்டரையும் ஒரு லேன் கேபிளால் இணைத்து வேகத்தைப் பாருங்கள். கேபிளிலும் மெதுவென்றால் வைஃபை மீது பழி போட வேண்டாம். எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. கோப்பு இறங்கும் வேகத்தை மெகாபைட்டில் பார்க்க அதை 8-ஆல் வகுக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு 12 மெகாபைட் வந்தால் குறையே இல்லை.

கேபிளில் வேகமாக வந்தால் சிக்கல் காற்றில். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் தேய்ந்துபோகும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் நெரிசல் அதிகம்: அக்கம்பக்கத்து ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே அங்கேதான். ரவுட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ உட்காருபவர்கள் 5-ஐத் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் கணினி தவறானதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கலாம். ரவுட்டர் அமைப்பில் பெயரைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் தேர்வு உங்கள் கையில்.

2.4-ல்தான் இருக்க வேண்டும் என்றால் சேனல் 1, 6, 11 இம்மூன்றில் ஒன்றை வையுங்கள். சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, சிக்னலின் அகலமோ 20. ஆகவே 3-ஆம் சேனலில் வைத்தால் 1, 6 இரண்டின் மீதும் ஏறும். காலியான இடத்தில் நுழைகிறோம் என்று நினைத்து நடுவில் வைப்பதுதான் பலரும் செய்வது. ஒரே சேனலில் உள்ள ரவுட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு முறைவைத்துப் பேசும். அரைகுறையாக மேலேறினால் எல்லாம் வெறும் இரைச்சலாகிவிடும். சேனல் அகலத்தையும் 20-லேயே வையுங்கள்.

ரவுட்டர் தரையிலோ, இரும்பு அலமாரிக்குள்ளோ, டிவிக்குப் பின்னாலோ இருந்தால் வெளியே எடுத்துத் தோள் உயரத்துக்கு மேல் வையுங்கள். இதற்கு ஈடான இலவச மருந்து வேறில்லை. சிக்னலை அளக்கக் கைபேசியில் வைஃபை அனலைசர் செயலிகள் கிடைக்கும்: மைனஸ் 50 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு, பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது) அருமை, மைனஸ் 67 வரை வீடியோ தடையில்லாமல் ஓடும், மைனஸ் 80-ஐத் தாண்டினால் இணைப்பு நிற்பதே கடினம்.

விரல்நுனி அளவு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வைத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். யூஎஸ்பி 3 போர்ட்டும் அதில் இயங்கும் ஹார்ட் டிஸ்க்கும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உமிழும். ஹார்ட் டிஸ்க்கை இணைத்ததும் வைஃபை படுத்துவிட்டால் காரணம் இதுதான். அடாப்டரை ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள்.

வேலையின் நடுவிலோ கணினி ஸ்லீப்பிலிருந்து எழுந்த பிறகோ இணைப்பு அறுந்தால், டிவைஸ் மேனேஜரில் வயர்லெஸ் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் தாவலில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுங்கள். சில கணினிகளில் அந்தத் தாவல் இருக்காது. 5 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் திடீரென மறைந்து, ஒரு நிமிடம் போல் கழித்துத் திரும்பி வந்தால், ரவுட்டர் 52 முதல் 144 வரையான சேனல் ஒன்றில் இருக்கலாம். ரேடாரும் அந்த இடத்தைப் பயன்படுத்துவதால், ரேடார் சிக்னல் என்று ஐயம் வந்தாலே ரவுட்டர் விலகிப் போக வேண்டும். 36 முதல் 48 வரையானவற்றில் ஒன்றை நிலையாக வைத்துவிடுங்கள்.

படி 7: எதுவும் பலிக்கவில்லை என்றால்

செட்டிங்ஸ் → நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் → அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ் → நெட்வொர்க் ரீசெட். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் எல்லாம் போய்விடும், விபிஎன் மென்பொருளைத் திரும்ப நிறுவ வேண்டியிருக்கும். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தோம். கணினி 5 நிமிடத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகும், திறந்த கோப்புகளைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் அப்படியே என்றால், கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கணினியை அதில் இணையுங்கள். அங்கே நன்றாக ஓடினால் கணினி சரி, ரவுட்டரின் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். அங்கேயும் அறுந்தால் பெரும்பாலும் அடாப்டர் பழுது. டெஸ்க்டாப்பாக இருந்தால் புது யூஎஸ்பி அடாப்டர் போதும். லேப்டாப்பிலும் முதலில் அதையே போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு உள்ளே இருக்கும் கார்டை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். வாங்கும்போது 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஏற்கும் அடாப்டரா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.