விடை எந்த வரியில் இருக்கிறது? சிறு பிள்ளைகளை வாசிப்புத் தேர்வுக்குத் தயார் செய்யும் முறை

தேர்வுத் தேதி தெரிந்ததும் ஒரு கட்டு மாதிரி வினாத்தாள்களை அச்செடுத்துப் பிள்ளைகள் முன் வைப்பதுதான் பெரும்பாலும் நாம் செய்யும் முதல் வேலை. ஆசிரியப் பணியின் முதல் ஆண்டில் நானும் அதையே செய்தேன். மூன்று வாரத்தில் பன்னிரண்டு தாள்கள். முதல் தாளில் ஆறு தவறு செய்த பிள்ளை பன்னிரண்டாம் தாளிலும் ஆறு தவறுதான் செய்தது. ஆனால் சீக்கிரமாகச் செய்து முடித்தது! அந்தத் தாள்களில் சிவப்பு மையால் குறி போட்டேனே தவிர, எந்தப் பிள்ளை எதனால் தவறுகிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

இங்கே சொல்வது மூன்று, நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. கையில் ஆறு வாரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு இருபத்தைந்து நிமிடம் போதும். ஒரு பிள்ளையுடன் வீட்டில் உட்காரும் பெற்றோரும் இதைச் செய்யலாம்.

படி 1: முதலில் நீங்கள் எழுதிப் பாருங்கள்

ஒரு மாதிரித் தாளைப் பென்சிலோடு உட்கார்ந்து நீங்களே எழுதுங்கள். ஒவ்வொரு வினாவின் ஓரத்திலும் அதற்கு விடை எப்படிக் கிடைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பல நாடுகளில் 2001 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பிர்ல்ஸ் தேர்வு, வாசிப்பை நான்கு வேலைகளாகப் பிரிக்கிறது: பத்தியில் நேரடியாகச் சொன்னதைக் கண்டெடுப்பது, சொல்லாமல் விட்டதை எளிதாக ஊகிப்பது, பல இடங்களில் இருப்பதைச் சேர்த்துப் பொருள் காண்பது, எழுதப்பட்ட விதத்தை எடைபோடுவது. உங்கள் தேர்வு வேறாக இருந்தாலும் இந்த நான்கு பெட்டிகளைக் கொண்டு வினாக்களைப் பிரிக்க முடியும். பத்திகளில் பாதி கதையாகவும் பாதி தகவல் கட்டுரையாகவும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிள்ளைகள் கதைப் புத்தகம் மட்டுமே படித்துப் பழகியிருந்தால், படமும் அட்டவணையும் துணைத் தலைப்பும் கலந்த கட்டுரை அவர்களை மிரள வைக்கும்.

படி 2: எங்கே தடுக்கிறது?

காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறனை மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவது வாசிப்புப் புரிதல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான்.

இதை வகுப்பில் சோதிக்கப் பத்து நிமிடம் ஆகும். ஒரு பத்தியைப் பிள்ளை தானே படித்து வினாக்களுக்கு விடை சொல்லட்டும். அதே அளவு கடினமான இன்னொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேளுங்கள். காதால் கேட்டதற்குச் சரியாகவும் கண்ணால் படித்ததற்குத் தவறாகவும் சொன்னால், பிள்ளை இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கூட்டுவதிலேயே கவனம் முழுவதும் செலவாகிவிடுவதால் வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகிறது. இந்தப் பிள்ளைக்கு ஊகிப்பு வினா கொடுத்துப் பயனில்லை. ஒரு சிறு பத்தியை நீங்கள் ஒருமுறை நன்றாக வாசித்துக் காட்டுங்கள், பிறகு அதையே பிள்ளை மூன்று முறை உரக்கப் படிக்கட்டும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு விரட்டாதீர்கள். இரண்டு விதத்திலும் தவறினால் சொல்வளமும் பொது அறிவும் போதவில்லை என்று பொருள். அதற்கு ஐந்தாம் படி இருக்கிறது.

படி 3: விரலை வைக்கச் சொல்லுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிக நேரம் இதற்குத்தான் ஒதுக்க வேண்டும். ஆறு வாரத்தில் மூன்று வாரம் என்பேன். விடையைச் சொல்லும் பிள்ளை, அந்த விடை பத்தியில் எந்த வரியிலிருந்து வந்தது என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் விதி. சரியான விடை சொன்ன பிள்ளைக்கும் இதில் விலக்கு இல்லை.

இந்தப் பத்தியைப் பாருங்கள்:

"மழை விட்டதும் மாறன் வாசலுக்கு ஓடினான். நேற்று மாலை முழுவதும் அவன் கட்டிய மணல்கோட்டை இருந்த இடத்தில் ஒரு குட்டை மட்டும் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றான். காற்று ஓர் இலையைக் கொண்டுவந்து தண்ணீரில் போட்டது. இலை மெல்ல மிதந்து மறுபக்கம் போனது. மாறன் உள்ளே ஓடிப் பழைய காகிதம் ஒன்றை எடுத்து மடிக்கத் தொடங்கினான்."

கோட்டை இருந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் விரல் இரண்டாம் வரியில் நிற்கும். இது எளிது. 'குட்டை' என்றால் என்ன என்று கேளுங்கள். "உயரம் குறைவு" என்று பல குரல்கள் வரும். அவர்களுக்குத் தெரிந்த பொருள் அதுதான். திட்ட வேண்டாம். அடுத்து வரும் வரிகளில் இதற்கு உதவும் சொல் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். யாராவது ஒரு பிள்ளையின் விரல் 'தண்ணீரில்' என்ற சொல்லுக்குப் போகும். மாறனுக்குக் கோட்டை போனது வருத்தமா? 'வருத்தம்' என்ற சொல்லே பத்தியில் இல்லை. ஆனால் உதட்டைக் கடித்தது இருக்கிறது. சொல்லாததை ஊகிப்பது என்றால் மனம்போன போக்கில் கற்பனை செய்வது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஊகத்துக்கும் விரல் வைக்க ஓர் இடம் வேண்டும் என்பது இந்த ஒரு வரியிலேயே புரிந்துவிடும்.

படி 4: தவறான விடையைப் பிரித்துப் பாருங்கள்

அதே பத்திக்கு ஒரு கொள்குறி வினா. மாறன் காகிதத்தால் என்ன செய்யப்போகிறான்? அ) புதிய கோட்டை ஆ) பட்டம் இ) கப்பல் ஈ) இலையின் ஓவியம்.

வினா தயாரிப்பவர்கள் தவறான விடைகளைச் சும்மா இட்டு நிரப்புவதில்லை. 'கோட்டை' பத்தியில் வந்த சொல். அவசரக்காரப் பிள்ளை தெரிந்த முகத்தைப் பார்த்ததும் கைகுலுக்கிவிடும். பட்டம், காற்றும் காகிதமும் சேர்ந்தால் யாருக்கும் தோன்றக்கூடியது. உலகில் நடக்கலாம், இந்தப் பத்தியில் அதற்கு ஆதாரம் இல்லை. ஓவியம் பாதி சரி மாதிரி தெரியும், ஆனால் 'மடிக்க' என்ற சொல் அதை வெளியே தள்ளிவிடுகிறது. கப்பலுக்கு ஆதாரம் எங்கே? மிதந்து போன இலையில். அந்த இலை இந்தக் கதைக்குள் எதற்காக வந்தது என்று கேட்டால் வகுப்பு ஒரு நொடி அமைதியாகும், பிறகு ஒரே கூச்சல்.

அடுத்த நாள் வேலையை மாற்றிக் கொடுங்கள். ஒரு பத்தியும் ஒரு வினாவும் சரியான விடையும் கொடுத்து, ஏமாற்றும் மூன்று விடைகளைப் பிள்ளைகளே எழுதட்டும். பக்கத்துப் பிள்ளையை ஏமாற்ற வேண்டும் என்றால் அவர்களுக்கு வரும் உற்சாகமே தனி. மையக்கருத்து வினாவுக்கும் இதே பயிற்சி உதவும். மாறன் கதைக்குத் தலைப்பு கேட்டால் 'மழை' மிக அகலம், 'உடைந்த கோட்டை' முதல் பாதிக்கு மட்டும்தான் பொருந்தும். 'இலை தந்த யோசனை' என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைக்குப் பாடத்தை அத்துடன் முடித்துவிடலாம்.

படி 5: மற்றப் பாடங்களை ரத்து செய்யாதீர்கள்

தேர்வு நெருங்கும்போது அறிவியல் வகுப்பை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் வாசிப்புப் பயிற்சி வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இது எனக்கு உடன்பாடில்லை. ரெக்ட், லெஸ்லி ஆகிய இருவர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டத்தை நன்றாக அறிந்திருந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அந்தப் பத்தியை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். தேர்வுப் பத்தி எறும்பைப் பற்றி வருமா எரிமலையைப் பற்றி வருமா என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அறிவியல் பாடம் வாசிப்புப் பயிற்சியும்தான். ஒரே பொருளைப் பற்றி ஒரு வாரம் முழுவதும் நான்கைந்து சிறு கட்டுரைகள் படியுங்கள். முதல் நாள் புதிதாக இருந்த சொற்கள் நான்காம் நாள் பழகிவிடும்.

படி 6: வினாவின் மொழி

சிறு பிள்ளைகள் 'அல்லாதது', 'தவிர', 'மிகப் பொருத்தமானது', 'முதலில் நடந்தது' போன்ற சொற்களைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். இவற்றைக் கண்டால் கோடிடும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். வினாவைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லவும் கேளுங்கள்.

வினாக்களை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போவது தந்திரம் என்று சிலர் சொல்வார்கள். பெரியவர்களுக்குச் சரிப்படலாம். எட்டு வயதுப் பிள்ளை அப்படிச் செய்தால் கதையைப் படிக்காமல் சொல்லைத் தேடிக்கொண்டு அலையும். பத்தி முதலில், வினா பிறகு, மீண்டும் பத்திக்கு.

படி 7: கடைசி வாரம்

முழு மாதிரித் தாளை இப்போது எடுங்கள். இரண்டு போதும். உண்மையான நேர அளவு, உண்மையான விடைத்தாள், பேச்சு கிடையாது. வட்டத்தைச் சரியாக நிரப்புவது, ஒரு வினாவை விட்டுவிட்டால் அடுத்த விடை அதன் வரிசையில் விழாமல் பார்த்துக்கொள்வது, ஒரே வினாவில் பத்து நிமிடம் உட்காராமல் நகர்வது ஆகியவற்றைப் பழக்குங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு உண்டா என்று விதிமுறையில் பாருங்கள். இல்லையென்றால் எந்த வினாவையும் வெறுமையாக விடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

இந்த இரண்டு தாள்களைத் திருத்தும்போது மதிப்பெண்ணோடு நிறுத்தாதீர்கள். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் பிள்ளையை அருகில் அழைத்து, அதே பழைய கேள்வியைக் கேளுங்கள்: எந்த வரி?