உயிரோடு இருப்பவரின் விக்கிப்பீடியா பக்கத்தைச் சரிசெய்வது எப்படி? புதியவர்களுக்கு

விக்கிப்பீடியாவில் எழுத வருகிற பலர் முதலில் கைவைப்பது தமக்குப் பிடித்த நடிகர், கிரிக்கெட் வீரர், இல்லையென்றால் பிடிக்காத அரசியல்வாதி பக்கத்தில்தான். நானும் அப்படித்தான் உள்ளே வந்தேன். ஆற்றைப் பற்றியோ பழைய கோட்டையைப் பற்றியோ தப்பாக எழுதினால் அது வருத்தப்படப் போவதில்லை. உயிரோடு இருக்கிற மனிதரைப் பற்றித் தப்பாக எழுதினால் அவருக்கு வேலை போகலாம், வீட்டில் பேசி முடித்த கல்யாணம் நின்று போகலாம். அதனால் இந்தப் பக்கங்களுக்கு மட்டும் விதிகள் கடுமை.

அந்த விதிகளுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2005 மே மாதம், ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் ஆங்கில விக்கிப்பீடியா பக்கத்தில், பெயர் சொல்லாத ஒருவர் நாலைந்து வரி எழுதினார். அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி, அவர் தம்பி ராபர்ட் கென்னடி இருவரின் கொலையிலும் சீகன்தாலருக்குத் தொடர்பிருக்கும் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டதாம். சீகன்தாலரோ ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர்; அவருடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர். நான்கு மாதத்துக்கு மேல் அந்த வரிகள் அப்படியே கிடந்தன. நவம்பரில் அவரே யுஎஸ்ஏ டுடே நாளிதழில் எழுதிய பிறகுதான் விஷயம் பெரிதானது. எழுதிய ஆள் பிற்பாடு சொன்ன காரணம், கூட வேலை பார்ப்பவரிடம் விளையாட்டுக்காகச் செய்தேன் என்பது. டிசம்பரில் ஆங்கில விக்கிப்பீடியா, கணக்கு இல்லாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்குவதை நிறுத்தியது. வாழும் மனிதர்களுக்கான தனிக் கொள்கையும் அந்தச் சூட்டில் பிறந்ததுதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: கணக்கு, நட்சத்திரம்

ஒரு கணக்கு தொடங்குங்கள். சரிசெய்யப் போகிற பக்கத்தின் மேலே இருக்கும் நட்சத்திரக் குறியை அழுத்தினால் அது உங்கள் கவனிப்புப் பட்டியலில் சேரும். இனி அங்கே யார் எதை மாற்றினாலும் உங்களுக்குத் தெரியும். முதல் பக்கமாகப் பெரிய நட்சத்திரங்களை எடுக்காதீர்கள், அங்கே ஏற்கெனவே கூட்டம். உங்கள் ஊர் எழுத்தாளர், ஓய்வு பெற்ற விளையாட்டு வீரர், முன்னாள் எம்எல்ஏ மாதிரி யாரும் எட்டிப் பார்க்காத பக்கங்கள்தான் நிஜமாகவே கெட்டுக் கிடக்கின்றன.

படி 2: எதையும் மாற்றாமல் ஒருமுறை படியுங்கள்

பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஆதாரம் உள்ளவை, ஆதாரம் இல்லாதவை, ஆதாரம் இருப்பதுபோல் தெரிபவை. மூன்றாவது வகைதான் ஆபத்து. வாக்கியத்தின் முடிவில் சின்ன எண் இருக்கும், அழுத்தினால் ஒரு செய்தி திறக்கும், படித்தால் நம் வாக்கியத்தில் சொன்ன சங்கதி அதில் இருக்காது. "விசாரிக்கப்பட்டார்" என்று நாளிதழில் இருப்பது இங்கே "சிக்கினார்" என்று மாறியிருக்கும். எண்ணைப் பார்த்து நம்பிவிடாமல், இணைப்பைத் திறந்து வரிவரியாக ஒப்பிடுங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் மொத்தச் செய்முறையில் பாதி இதுதான்.

அப்புறம் 'வரலாறு' பக்கத்தையும் பாருங்கள். எந்த வரி எப்போது நுழைந்தது என்று தேதியோடு இருக்கும். தேர்தலுக்கு முந்தைய வாரம், படம் வெளியான மறுநாள், ஒரு தோல்விக்குப் பிந்தைய இரவு என்றால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். 2022 செப்டம்பர் 4 அன்று துபாயில் ஆசியக் கோப்பை ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக அர்ஷ்தீப் சிங் ஒரு கேட்சைத் தவறவிட்டார். அன்று இரவே அவருடைய ஆங்கில விக்கிப்பீடியா பக்கத்தில் 'இந்தியா' என்று இருந்த இடங்களில் 'காலிஸ்தான்' என்று யாரோ மாற்றினார்கள். தன்னார்வலர்கள் சில நிமிடங்களில் அதைத் திருப்பிவிட்டார்கள். ஆனால் திரைப்பிடிப்புகள் அதற்குள் ஊர் சுற்றத் தொடங்கியிருந்தன. மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் விளக்கம் கேட்கும் வரை போனது.

படி 3: முதலில் எடுங்கள்

ஒருவரைப் பற்றிய பாதகமான தகவல், ஆதாரம் இல்லை என்றால் 'சான்று தேவை' என்று வார்ப்புரு (விக்கிப்பீடியாவில் ஒட்டும் ஆயத்தக் குறிப்பு) ஒட்டிவிட்டுப் போகாதீர்கள். தண்ணீர் வற்றாத ஏரியைப் பற்றி ஆதாரம் இல்லாமல் இருந்தால் ஆறு மாதம் காத்திருக்கலாம். "நிதி மோசடியில் ஈடுபட்டவர்" என்ற வரி ஆறு நிமிடம்கூட இருக்கக் கூடாது. விவாதம் நடக்கட்டும் என்று காத்திருக்காமல் உடனே நீக்கலாம் என்று கொள்கையே சொல்கிறது. திரும்பச் சேர்க்க விரும்புகிறவர்தான் நல்ல ஆதாரம் கொண்டுவர வேண்டும்.

நீக்கும்போது, சேமிப்பதற்கு முன் வரும் சுருக்கப் பெட்டியில் காரணம் எழுதுங்கள். நான் வழக்கமாக எழுதுவது இது: "வாழும் நபர் பற்றிய ஆதாரமற்ற குற்றச்சாட்டு, நீக்கப்பட்டது." அந்தக் குற்றச்சாட்டைச் சுருக்கத்திலோ, கட்டுரையைப் பற்றிப் பேசுவதற்கான உரையாடல் பக்கத்திலோ திரும்ப எழுதிவிடாதீர்கள். அந்த இடங்களுக்கும் இதே விதிதான்.

படி 4: ஆதாரத்தின் குலம் கோத்திரம்

நாளிதழ்கள், நிலைபெற்ற வார மாத இதழ்கள், நல்ல பதிப்பகத்தின் புத்தகங்கள் சரி. ரசிகர் பக்கம், யூடியூப் தலைப்பு, தனி ஆளின் வலைப்பதிவு, வாட்ஸப்பில் வந்த பத்திரிகைத் துணுக்கு இவையெல்லாம் வேண்டாம். சம்பந்தப்பட்டவரே தன் சமூக ஊடகத்தில் எழுதியதை, அவரைப் பற்றிய எளிய தகவலுக்கு எடுத்துக்கொள்ளலாம்: எங்கே படித்தார், எந்த ஊர் என்கிற மாதிரி. அவர் இன்னொருவரைப் பற்றிச் சொன்னதை அங்கிருந்து எடுக்கக் கூடாது. சினிமா இதழ்களின் கிசுகிசுப் பத்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "மூன்றெழுத்து நடிகை" யார் என்று ஊகிப்பது டீக்கடையில் நடக்கட்டும்.

நல்ல நாளிதழே ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தச் செய்தியாளர் எங்கிருந்து எடுத்தார்? 2009 பிப்ரவரியில் கார்ல்-தியோடர் சூ குட்டன்பெர்க் ஜெர்மனியின் பொருளாதார அமைச்சர் ஆனார். பிரபு குடும்பம், முழுப்பெயர் ரயில் வண்டி நீளம். அந்தப் பெயர் வரிசைக்கு நடுவில் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் யாரோ 'வில்ஹெல்ம்' என்று ஒன்றைச் செருகிவிட்டார். மறுநாள் நாளிதழ்கள் அதைப் பார்த்து அப்படியே அச்சடித்தன. பிறகு விக்கிப்பீடியாவில் கேள்வி எழுந்தபோது, ஆதாரமாக வந்து நின்றது விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதிய அதே செய்தி. ஆகவே தேதியைப் பாருங்கள். நம் பக்கத்தில் அந்த வரி நுழைந்த நாளுக்கு முந்தைய ஆதாரம் கிடைத்தால்தான் தைரியமாக வைக்கலாம்.

படி 5: வழக்கு என்றால் வினைச்சொல்லைப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் இது. புகார், முதல் தகவல் அறிக்கை, கைது, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு, மேல்முறையீடு. ஒவ்வொன்றும் வேறு படி. தமிழ்ச் செய்தி நடையில் இவையெல்லாம் ஒரே குழம்பாகிவிடுகின்றன. "ஊழல் செய்ததாகக் கைது செய்யப்பட்டார்" என்ற வாக்கியத்தைப் படிக்கிறவர் மனத்தில் 'ஊழல் செய்தார்' என்பதுதான் தங்கும். "ஊழல் குற்றச்சாட்டின் பேரில் இன்ன தேதியில் இன்ன அமைப்பு அவரைக் கைது செய்தது" என்று எழுதினால் யார் என்ன செய்தார்கள் என்பது தெளிவாகிவிடும். தீர்ப்பு வராத வரை 'குற்றவாளி' என்ற சொல் உங்கள் விசைப்பலகையிலிருந்து வரக் கூடாது.

முன்னாள் மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ. ராசா பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 2010இல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டில் அரசுக்கு 1.76 லட்சம் கோடி ரூபாய் வரை உத்தேச இழப்பு ஏற்பட்டிருக்கலாம் என்று கணக்கிட்டது. 'உத்தேச இழப்பு' என்ற சொல் தெருவுக்கு வந்தபோது '1.76 லட்சம் கோடி ஊழல்' ஆகிவிட்டது. சிபிஐ தன் குற்றப்பத்திரிகையில் சொன்ன இழப்போ சுமார் 31,000 கோடி. 2011 பிப்ரவரியில் கைது, 2012 மே மாதம் பிணை. 2017 டிசம்பர் 21 அன்று டெல்லி சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. 2018இல் சிபிஐ மேல்முறையீடு செய்தது. 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்றது.

இந்த வரிசையில் 2011உடன் நின்றுபோன கட்டுரை ராசாவுக்கு அநியாயம். 2017உடன் நின்ற கட்டுரை வாசகருக்கு அநியாயம். எந்தக் கட்சிக்காரரானாலும் எல்லாப் படிகளும் வேண்டும், ஒவ்வொரு எண்ணுக்கும் அதைச் சொன்னது யார் என்பதும் கூடவே வேண்டும். அதோடு, வழக்குப் பத்தி மொத்தக் கட்டுரையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்றும் அளந்து பாருங்கள். முப்பது ஆண்டுப் பொது வாழ்க்கைக்கு நாலு வரி, மூன்று மாத வழக்குக்கு நாலு பத்தி என்றால் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தும் கட்டுரை கோணலாகத்தான் நிற்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வந்த புதிதில் ஒரு மேடைக் கலைஞரின் பக்கத்தில், நாளிதழைப் பார்த்து அவர் மீதான காவல்துறைப் புகாரைச் சேர்த்தேன். ஆதாரம் சரி, வாக்கியமும் சரி. ஆனால் அதற்கப்புறம் நான் அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இரண்டு வருடம் கழித்து அவருடைய மகள் உரையாடல் பக்கத்தில், புகார் எப்போதோ திரும்பப் பெறப்பட்டுவிட்டது என்று எழுதியிருந்தார். கோபமாகக்கூட எழுதவில்லை. புகார் வந்த அன்று கொட்டை எழுத்தில் போட்ட நாளிதழ், அது முடிந்ததை உள்பக்கத்தில் நான்கு வரியில் போட்டிருந்தது. அன்றிலிருந்து வழக்கு பற்றி ஒரு வரி சேர்த்தாலும் நாட்காட்டியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டல் வைத்துவிடுகிறேன்.

படி 6: இறப்புச் செய்தி

அவசரப்படவே கூடாத இடம். 2016 டிசம்பர் 5 மாலையை நினைத்துப் பாருங்கள். ஜெயலலிதா இறந்துவிட்டார் என்று பல தொலைக்காட்சிகள் சொல்லிவிட்டன, கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் கொடி மறுபடி மேலே ஏறியது. அவர் இறந்த நேரமாக அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது அன்று இரவு 11.30. 'பல சேனலில் வந்துவிட்டதே' என்று மாலையிலேயே பக்கத்தை மாற்றியவர், உயிரோடு இருந்த ஒருவரைச் சாகடித்திருப்பார். குடும்பத்தாரோ மருத்துவமனையோ சொன்னதாகப் பெயர் குறிப்பிட்டு வந்த செய்தி கிடைக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள். விக்கிப்பீடியா யாரையும் முந்த வேண்டியதில்லை.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு கண்ணி உண்டு. எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் வேறு, க்ரியா பதிப்பகத்தை நடத்திய எஸ். ராமகிருஷ்ணன் வேறு. பின்னவர் 2020 நவம்பரில் மறைந்தார். ஒரே முன்னெழுத்து, ஒரே பெயர், இருவரும் புத்தக உலகம். தலைப்பை மட்டும் பார்த்துத் தேதி போட்டால் என்ன ஆகும்? விருது, படம், வழக்கு எதுவானாலும் இதே கவனம் வேண்டும்.

படி 7: சொல்லாமல் விடவேண்டியவை

வீட்டு முகவரி, தொலைபேசி எண், சின்னக் குழந்தைகளின் பெயர், படிக்கும் பள்ளி. இவை எங்கே அச்சாகியிருந்தாலும் வேண்டாம். பிறந்த தேதி பரவலாக வெளியாகியிருந்தால் மட்டும் போடுங்கள், இல்லையென்றால் ஆண்டு போதும். (நம் ஊரில் பள்ளியில் சேர்ப்பதற்காகத் தலைமையாசிரியர் போட்ட தேதி ஒன்று, அம்மா சொல்கிற தேதி ஒன்று என்று இரண்டு இருக்கும். இரண்டு ஆதாரம் முரண்பட்டால் அதையும் யோசியுங்கள்.)

சாதி. தமிழ் நடிகர்களின் பக்கத்தில் தினமும் யாராவது வந்து இதைச் சேர்க்கிறார்கள், இன்னொருவர் எடுக்கிறார். ஆங்கில விக்கிப்பீடியாவில் பின்பற்றும் அளவுகோல் எனக்குச் சரியாகப் படுகிறது: மதமோ சாதியோ, அவரே தன் வாயால் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும், அவர் அறியப்பட்ட காரணத்தோடு அதற்குத் தொடர்பும் இருக்க வேண்டும். "எங்க ஆளு" என்பது ஆதாரமில்லை.

ஒரே ஒரு காணொளியால் ஒரு வாரம் பிரபலமானவருக்குக் கட்டுரையே தேவையில்லை.

படி 8: புகழ்ச்சியையும் வடிகட்டுங்கள்

'அவர்கள்', 'திரு', ரசிகர்கள் கொடுத்த பட்டம், 'தன்னிகரற்ற', 'உலகப் புகழ்பெற்ற' எல்லாம் போகட்டும். 'பிறந்தார்', 'எழுதினார்' என்ற ஆர் விகுதி மரியாதைக்குப் போதும். எந்த விருது, யார் கொடுத்தது, எந்த ஆண்டு என்று எழுதினால் வாசகர் தானே மதிப்பிட்டுக்கொள்வார்.

படி 9: உங்கள் ஆள் என்றால் தள்ளி நில்லுங்கள்

உங்களைப் பற்றி, உறவினரைப் பற்றி, முதலாளியைப் பற்றி என்றால் கட்டுரையில் கைவைக்காமல் உரையாடல் பக்கத்தில் கேளுங்கள்: இந்த வரி தவறு, இதோ ஆதாரம், மாற்றித் தர முடியுமா? காசு வாங்கி எழுதுகிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது.

எல்லாம் முடித்து வெளியிட்டாயிற்றா? இரண்டு நாள் கழித்துக் கவனிப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் எடுத்த வரியை யாராவது திரும்பப் போட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆதாரத்தோடு போட்டிருந்தால் நான்காம் படிக்குப் போய் அதைச் சோதியுங்கள். ஆதாரம் இல்லாமல் என்றால் ஒருமுறை நீக்கி, உரையாடல் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். மூன்றாம் முறையும் வந்தால் மல்லுக்கு நிற்க வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவில் ஆலமரத்தடி என்று ஒரு பொதுப் பக்கம் இருக்கிறது, அங்கே போய்ச் சொன்னால் நிர்வாகிகள் யாராவது பக்கத்தைப் பூட்டிவைப்பார்கள்.