அர்புவா ஊரின் லூயி பாஸ்டர்: பிரான்ஸில் படிக்கும் மாணவர் ஓர் உள்ளூர்ப் பெரியவரின் சுவடுகளைத் தேடிப் பதிவு செய்வது எப்படி?

பிரான்ஸுக்குப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு மொழி வகுப்பில் வழக்கமாகக் கிடைக்கும் பயிற்சிகளுள் ஒன்று, அந்த வட்டாரத்து மக்கள் தம்மவராகக் கொண்டாடும் ஒருவரைப் பற்றி நேரில் சென்று அறிந்து எழுதுவதாகும். நான் பெசான்சோன் நகரில் பிரெஞ்சு படித்த ஆண்டில், நான்கு நாடுகளைச் சேர்ந்த தோழர்களுடன் லூயி பாஸ்டரைத் தேர்ந்தெடுத்தேன். உலகம் அறிந்த விஞ்ஞானியைப் பற்றிப் புதிதாக எழுத என்ன இருக்கிறது என்ற தயக்கம் முதலில் இருந்தது. ஆனால் ஜுரா மாவட்டத்தின் அர்புவா ஊரில் இரண்டு நாள் தங்கியபோது, பாடப்புத்தகம் காட்டும் பாஸ்டர் வேறு, அந்த ஊர் காட்டும் பாஸ்டர் வேறு என்பது விளங்கியது. தோல் பதனிடுபவரின் மகனாக அங்கே வளர்ந்து, பாரீஸில் பெரும்புகழ் பெற்ற பின்பும் கோடை விடுமுறைகளில் அந்த ஆற்றங்கரை வீட்டுக்கே திரும்பி வந்தவரை அந்த ஊர் இன்னும் தன் வீட்டுப் பிள்ளையாகவே பேசுகிறது. இத்தகைய தேடலை முதன்முறையாகச் செய்பவர்களுக்கு உதவும் வகையில், நாங்கள் கற்ற வழியைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: கேள்வியைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்

"பாஸ்டரின் வாழ்வும் பணியும்" என்று தொடங்கினால் நூலகத்தை விட்டு வெளியே வர முடியாது. நடந்து சென்று பார்த்தும் கேட்டும் விடை காணக்கூடிய ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். "அர்புவாவின் மண்ணும் தொழிலும் பாஸ்டரின் ஆய்வுக்கு என்ன கொடுத்தன?" என்பது எங்கள் கேள்வி. இதனால் பட்டுப்புழு நோய் பற்றிய ஆய்வு, படிகங்கள் பற்றிய ஆய்வு போன்ற பெரிய பகுதிகளை மனநிறைவோடு ஒதுக்கிவைக்க முடிந்தது.

படி 2: பயணத்துக்கு முன் மூலத்தைப் படியுங்கள்

பாஸ்டரின் எழுத்துகள் அனைத்தும் 1922 முதல் 1939 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்தன. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் மின்னூலகமான காலிக்காவில் அவற்றைக் கட்டணமின்றிப் படிக்கலாம். தொடக்க நிலையில் பிரெஞ்சு படிப்பவர் ஏழையும் திறக்க வேண்டியதில்லை. நொதித்தலும் உயிர்கள் தானாகத் தோன்றுமா என்ற கேள்வியும் பற்றிய இரண்டாம் தொகுதியிலும், வினிகரும் ஒயினும் பற்றிய மூன்றாம் தொகுதியிலும் அர்புவா என்ற பெயர் வரும் பக்கங்களைத் தேடிப் படித்தாலே போதும். பாஸ்டர் தெளிவாக எழுதுபவர் என்பதால், அகராதியை அருகில் வைத்துக்கொண்டு ஒரு நாளில் பத்துப் பக்கம் படித்துவிடலாம்.

ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகளை வரைந்துகொள்ளுங்கள். முதல் பத்தியில் படித்த செய்தியையும், இரண்டாவதில் அது இருந்த நூலையும் பக்கத்தையும் எழுதிவிட்டு, மூன்றாவதை வெறுமையாக விட்டுவிடுங்கள். நேரில் கண்டதையும் கேட்டதையும் எழுதுவதற்கான இடம் அது. இந்தப் பயிற்சியில் எங்களுக்கு மிகவும் கைகொடுத்த கருவி அந்தக் குறிப்பேடுதான்.

படி 3: பிறந்த ஊரில் அரை நாள் செலவிடுங்கள்

பாஸ்டர் 1822 டிசம்பர் 27 அன்று டோல் நகரில் பிறந்தார். பெசான்சோனிலிருந்து வட்டார ரயிலில் எளிதாகச் செல்லலாம். பாரீஸிலிருந்து அதிவேக ரயிலும் உண்டு. அவர் பிறந்த தெரு அக்காலத்தில் தோல் பதனிடுவோர் தெருவாக இருந்தது. இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. வீட்டின் முன்புறத்தைப் படம் எடுத்ததும் திரும்பிவிடாமல், பின்புறம் ஓடும் கால்வாயைச் சென்று பாருங்கள். தோல் பதனிடும் தொழிலுக்குத் தண்ணீர் ஏன் இவ்வளவு நெருக்கமாக வேண்டும் என்பது அங்கே நின்றால் புரியும்.

1883 ஜூலை 14 அன்று இந்த வீட்டில் நினைவுப் பலகை திறக்கப்பட்டபோது பாஸ்டரே வந்து பேசினார். தம் பெருமை எதையும் எடுத்துரைக்காமல், மறைந்துவிட்ட தாயையும் தந்தையையும் விளித்து நன்றி சொன்ன உரை அது. அந்த உரையை அச்சிட்டு எடுத்துச் சென்று, வீட்டின் முன் நின்று உங்களுள் ஒருவர் உரக்கப் படியுங்கள். உச்சரிப்பு தவறினாலும் குறையில்லை. எங்கள் குழுவில் படித்தவர் பாதியில் குரல் தழுதழுத்து நிறுத்தினார்; ஊரை விட்டு, பெற்றோரை விட்டு வந்திருந்த எங்கள் அனைவருக்கும் காரணம் தெரிந்திருந்தது.

படி 4: அர்புவா வீட்டை நிதானமாகப் பாருங்கள்

பாஸ்டர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் அர்புவாவுக்குக் குடிபெயர்ந்து, குவிசான்ஸ் ஆற்றின் கரையில் தொழிலைத் தொடங்கியது. டோலிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவு. ரயில் நிலையம் ஊருக்குச் சற்று வெளியே இருப்பதால் நடக்க ஆயத்தமாகச் செல்லுங்கள். குளிர்காலத்தில் வீடு மூடப்பட்டிருக்கக்கூடும் என்பதால் திறந்திருக்கும் நாள்களை முன்கூட்டியே உறுதி செய்துகொள்வது அவசியம்.

வீட்டைக் காட்டுபவர் வேகமாகப் பேசினால், மெதுவாகச் சொல்லும்படி பணிவாகக் கேளுங்கள். குடும்பம் புழங்கிய அறைகளையும், மாடியில் உள்ள ஆய்வுக்கூடத்தையும் ஒரே கூரையின் கீழ் பார்ப்பதுதான் இந்த வீட்டின் சிறப்பு. தந்தையின் தொழிற்கூடமாக இருந்த இடத்தை மகன் விரிவாக்கி ஆய்வகமாக மாற்றிக்கொண்டார். 1838-இல், பதினைந்து வயதில், படிப்புக்காகப் பாரீஸுக்கு அனுப்பப்பட்ட அவர், வீட்டு ஏக்கம் தாங்காமல் சில வாரங்களில் திரும்பிவிட்டார். தோல் பதனிடும் கூடத்தின் மணத்தை முகர்ந்தாலே குணமாகிவிடுவேன் என்று அவர் அப்போது சொன்னதாக அவர் மருமகன் எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் முதல் மாதத்தைக் கழித்த எந்த மாணவருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

வீட்டைப் பார்த்த பின் ஊரின் கல்லறைத் தோட்டத்துக்கும் செல்லுங்கள். பெற்றோரோடு அவருடைய மூன்று பெண் குழந்தைகளும் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். மூத்த மகள் ழான் 1859-இல் அர்புவாவிலேயே டைஃபாய்டு காய்ச்சலால் இறந்தாள். கமீய் 1865-இலும் செசீல் 1866-இலும் மறைந்தார்கள். பாஸ்டரின் உடல் பாரீஸில், அவர் பெயர் தாங்கிய நிறுவனத்தின் நிலவறையில் இருக்கிறது. இங்கே படம் எடுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்; தேதிகளைக் குறித்துக்கொண்டாலே போதும்.

படி 5: திராட்சைத் தோட்டத்துக்கு நடந்து செல்லுங்கள்

எங்கள் கேள்விக்கு நேரான விடை கிடைத்தது இங்கேதான். ஆகவே, உங்கள் பயணத்தில் ஏதேனும் ஒன்றைக் குறைக்க நேர்ந்தால் இதைக் குறைக்காதீர்கள்.

அர்புவா ஒயின் ஊர். பிரான்ஸில் பிறப்பிடப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பை 1936-இல் முதன்முதலில் பெற்ற ஒயின் பகுதிகளுள் ஒன்று. ஒயின் ஏன் கெட்டுப்போகிறது என்பதை ஆராயும்படி பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டபோது, பாஸ்டர் தம் ஊர்க்காரர்களின் நிலவறைகளுக்கே சென்றார். 1864-இல் ஊரின் பழைய காப்பிக்கடைக் கூடம் ஒன்றை ஆய்வகமாக்கி, உள்ளூர்த் தச்சரையும் தகரக் கொல்லரையும் கொண்டு கருவிகளைச் செய்துகொண்டார். ஒயினைக் காற்றுப் புகாமல் ஏறத்தாழ 50 முதல் 60 பாகை வரை சூடாக்கினால் அதைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன என்ற முடிவு அந்த ஆய்வுகளிலிருந்து பிறந்தது. நாம் இன்று பால் பாக்கெட்டில் காணும் பாஸ்டுரைசேஷன் என்ற சொல்லின் வேர் அதுவே.

1874-இல் அவர் ஊருக்கு வெளியே ரோசியேர் என்ற இடத்தில் ஒரு சிறு திராட்சைத் தோட்டத்தை வாங்கினார். நொதித்தலை உண்டாக்கும் ஈஸ்ட் பழச்சாற்றுக்குள் தானாகத் தோன்றுகிறதா, வெளியிலிருந்து வந்து சேர்கிறதா என்ற விவாதம் 1878-இல் மீண்டும் சூடுபிடித்தது. பாஸ்டர் கண்ணாடிக் கூடங்களைச் செய்வித்து, காய்கள் பச்சையாக இருந்தபோதே சில கொடிகளை அவற்றால் மூடினார். சில குலைகளைப் பஞ்சால் பொதிந்தார். பழுத்த பின் பிழிந்து பார்த்தபோது, திறந்த வெளியில் விளைந்த பழத்தின் சாறு நொதித்தது. மூடிக் காத்த பழத்தின் சாறு நொதிக்கவில்லை. தோட்டத்து ஓரத்தில் நின்று இந்தப் பகுதியைப் படித்தபோது, இவ்வளவு பெரிய கேள்வியை ஒரு விவசாயியின் பொறுமையோடு அவர் அணுகியிருப்பதை உணர்ந்தேன். பருவங்களையும் காய் முதிரும் வாரத்தையும் அறிந்தவரால்தான் இந்தச் சோதனையைத் திட்டமிட முடியும்.

செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை செல்ல முடிந்தால் பியூ திருவிழாவைக் காணலாம். பல கொத்துகளைச் சேர்த்துக் கட்டிய மாபெரும் திராட்சைக் குலையைத் தோளில் சுமந்து சென்று, சேன் ஜுஸ்த் தேவாலயத்தில் முதல் விளைச்சலின் காணிக்கையாகத் தொங்கவிடுவார்கள். பாஸ்டரும் அந்த ஊர்வலத்தில் நடந்தவர்.

படி 6: எண்களோடு மலை ஏறுங்கள்

சலேன் ஊரை ஒட்டிய பூபே மலையின் உயரம் ஏறத்தாழ 850 மீட்டர். 1860-இல் பாஸ்டர், சத்துநீரைக் கொதிக்கவைத்து மூடிய குடுவைகளை மூன்று இடங்களில் திறந்து, காற்றை உள்ளே விட்டு, மறுபடி மூடினார். ஜுராவின் அடிவாரத்தில் திறந்த 20 குடுவைகளில் 8 கெட்டன. பூபே மலையில் 20-இல் 5. ஆல்ப்ஸ் பனியாற்றருகே, 2,000 மீட்டர் உயரத்தில், 20-இல் 1. காற்றில் நுண்ணுயிர்களின் செறிவு இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதற்கு அவர் காட்டிய சான்று இது. அடிவாரத்திலும் உச்சியிலும் இந்த எண்களை எழுதிய தாளோடு படம் எடுத்துக்கொண்டால் உங்கள் கட்டுரைக்கு நல்ல துணையாகும். சோதனையைத் திரும்பச் செய்ய விரும்புவோர் ஆய்வக ஆசிரியரின் மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும்.

படி 7: ஊர் மக்களிடம் பேசுங்கள்

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் "போன்ழூர்" சொல்லி, பதில் வந்த பிறகே கேள்வியைத் தொடங்குங்கள். இது விடுபட்டால் உரையாடல் அங்கேயே நின்றுவிடும். பெரியவர்களிடம் மரியாதைப் பன்மையான "வூ" என்றே பேசுங்கள். நமக்கு "நீங்கள்" என்று சொல்லிப் பழக்கம் இருப்பதால் இது எளிதாகவே வரும். பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். "பாஸ்டரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் பள்ளிப் பாடம் கிடைக்கும், "உங்கள் வீட்டில் அவரைப் பற்றி என்ன சொல்வார்கள்?" என்று கேட்டால் கதை கிடைக்கும்.

"உங்கள் நாட்டில் அவரை அறிவார்களா?" என்று அவர்களும் திருப்பிக் கேட்பார்கள். நான் குன்னூரைப் பற்றிச் சொன்னேன். நீலகிரியில் 1907-இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசியைத் தயாரித்தது என்பதை ஒரு முதியவர் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு, தம் மனைவியையும் அழைத்துச் சொல்லச் சொன்னார்.

நேரம் இருந்தால் அருகிலுள்ள வில்லேர்-ஃபார்லே கிராமத்துக்கும் செல்லுங்கள். 1885 அக்டோபரில், வெறிநாயிடமிருந்து தன்னினும் சிறிய இடையர் சிறுவர்களைக் காப்பதற்காக அதனோடு போராடிக் கடிபட்ட ழான்-பத்தீஸ்த் ழுப்பீய் அந்த ஊர்க்காரர். அதே ஆண்டு ஜூலையில் ஊசி பெற்ற ஜோசப் மெய்ஸ்டருக்கு அடுத்து, பாஸ்டரின் சிகிச்சையால் பிழைத்தவராக அறியப்படும் சிறுவர் அவரே.

படி 8: கேட்டதைச் சரிபாருங்கள்

அன்போடு சொல்லப்படும் கதைகள் காலப்போக்கில் வளர்ந்துவிடும். 1831-இல் அர்புவாப் பகுதியில் வெறிபிடித்த ஓநாய் பலரைக் கடித்ததும், கடிபட்டவருக்குக் கொல்லர் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைத்ததைச் சிறுவன் பாஸ்டர் அறிந்திருந்ததும் வாழ்க்கை வரலாறுகளில் உள்ளன. அந்த அச்சமே அவரை வெறிநாய்க்கடி ஆய்வுக்கு இழுத்தது என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் அவர் அந்த ஆய்வைத் தொடங்கியது 1880-இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டை எண்ணிப் பார்த்து, "என்று ஊரார் கூறுகின்றனர்" என்று எழுதுவதே நேர்மை.

கசப்பான செய்தியையும் மறைக்க வேண்டாம். 1964-இல் அவருடைய பேரன் ஆய்வுக் குறிப்பேடுகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுத்த பின், வரலாற்றாசிரியர்கள் அவற்றைப் படித்தார்கள். 1881-இல் ஆடுகளுக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி போட்டுப் பொதுமக்கள் முன் நடத்திய சோதனையில், அவர் அறிவித்திருந்த முறையில் அல்லாமல், உதவியாளர் ஷாம்பெர்லாந்தின் வேதிப்பொருள் முறையில் தயாரித்த தடுப்பூசியே பயன்பட்டது என்பது அவற்றிலிருந்து தெரிந்தது. இதை எழுதலாமா என்று எங்கள் குழுவில் நீண்ட நேரம் பேசினோம். எழுதினோம், அதை எழுதியதால் அர்புவாவின் திராட்சைத் தோட்டத்தில் கண்ட மனிதர் மீதான எங்கள் மதிப்பு குறையவில்லை.

படி 9: எழுதி, திருப்பிக் கொடுங்கள்

குறிப்பேட்டின் மூன்றாம் பத்தியிலிருந்து எழுதத் தொடங்குங்கள். கண்டதை முதலில் வைத்து, படித்ததை அதற்குத் துணையாகக் கொண்டுவாருங்கள். பிரெஞ்சு வரைவை ஆசிரியரிடம் காட்டித் திருத்திய பின், உங்களிடம் பேசியவர்களுக்கு ஒரு படி அனுப்புங்கள். அவர்கள் பெயரை வெளியிடுவதற்கு முன் ஒப்புதல் பெறுங்கள். எங்கள் கட்டுரையை அந்த முதியவருக்கு அஞ்சலில் அனுப்பியபோது, குன்னூர் பற்றிய பத்தியைத் தமிழிலும் என் கையால் எழுதி இணைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து வந்த பதிலில், அந்தத் தமிழ்த் தாளைச் சட்டமிட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டியிருப்பதாக எழுதியிருந்தார்.