ஒரு டிஸ்க் பழுதானாலும் படங்கள் போகாமலிருக்க

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்து வளவு வீடுகளில், பெட்டகத்தில் கிடந்த பழைய திருமணப் படங்களையும் இசைகுடிமானங்களையும் (நகரத்தார் திருமண ஒப்பந்தப் பத்திரங்கள்) ஸ்கேன் செய்து கணினியில் சேர்த்து வைப்போர், ஒரே ஹார்ட் டிஸ்கை நம்பியிருத்தல் கூடாது. ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்குகளை 'ரெய்டு 1' எனப்படும் முறையில் இணைத்துவிட்டால், நாம் சேமிப்பது ஒவ்வொன்றும் இரண்டிலும் பதிவாகும். ஒன்று பழுதானாலும் மற்றதிலிருந்து வேலை தடையின்றி நடக்கும். 4 டெராபைட் டிஸ்குகள் இரண்டை வாங்கினாலும் பயன்படுத்தக் கிடைப்பது ஏறக்குறைய 4 டெராபைட் மட்டுமே.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் கண்ட்ரோல் பேனலில் உள்ள 'ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்' பகுதிக்குச் சென்று, இரு டிஸ்குகளையும் தேர்ந்தெடுத்து, ரெய்டு 1-க்கு நிகரான 'டூ-வே மிரர்' என்பதை அமைக்க வேண்டும். அப்போது அவற்றில் ஏற்கெனவே உள்ளவை முழுவதும் அழிந்துவிடும் என்பதால், முன்கூட்டியே வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்வது கட்டாயம். இரண்டையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்காமல் இருப்பது என் வழக்கம். ஒரே தொகுப்பில் தயாரானவை அடுத்தடுத்துப் பழுதாக வாய்ப்புண்டு. மின்சாரம் திடீரென நின்றால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு சிதையக்கூடும், ஆகவே யு.பி.எஸ். அவசியம்.

பலரும் இதைக் காப்பு நகல் எனத் தவறாக எண்ணுவதுண்டு; இது காப்பு நகல் ஆகாது. கைதவறி ஒரு கோப்பை அழித்தாலும், வைரஸ் புகுந்தாலும், அந்தச் சேதம் இரண்டு டிஸ்குகளிலும் அக்கணமே நிகழும். எனவே மூன்றாவதாக ஒரு வெளி டிஸ்கில் மாதம் ஒருமுறை நகலெடுத்து, வெளியூரில் உள்ள உறவினர் வீட்டில் வைக்கலாம்.