எருக்குழியில் குமிழ் விடுகிறதா? டெல்டாவில் மாடு வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி அடைமழையில் எங்கள் கொல்லை எருக்குழி குட்டை மாதிரி கிடக்கும். மேலே சாணி மிதக்கும். அடியிலிருந்து குபுக் குபுக்கென்று குமிழ் வரும். சின்ன வயதில் அதைக் குச்சியால் குத்தி விளையாடியிருக்கிறேன். அது மீத்தேன் என்று தெரிய வெகுநாளாயிற்று. 100 வருடக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல சுமார் 28 மடங்கு பூமியைச் சூடேற்றும் வாயு.

மாட்டின் மீத்தேனில் பெரும்பங்கு அசைபோடும்போது ஏப்பமாகப் போகிறது. அதை நிறுத்த முடியாது. ஆனால் எருக்குழி நம் கையில் இருக்கிறது. மேட்டுப்பாங்கான ஊருக்குச் சொன்ன குழி முறையை அப்படியே டெல்டாவில் செய்வதுதான் முதல் தவறு. இங்கே நாலடி தோண்டினாலே ஊற்று எடுக்கும் இடங்கள் உண்டு. காற்றுப் புகாமல் தண்ணீரில் ஊறும் சாணிதான் மீத்தேன் விடும். தரையை ஓரடி உயர்த்தி, அதன்மேல் குவித்து, கீற்று வேய்ந்துவிடுங்கள். மாடு கழித்த வைக்கோலை இடையிடையே போட்டால் காற்றோட்டம் கிடைக்கும். கொட்டகைத் தரையில் காய்ந்த மண்ணைப் பரப்பி, மூத்திரம் ஊறியதும் அள்ளிக் குவியலில் சேருங்கள். தழைச்சத்து சாணியைவிட மூத்திரத்தில்தான் அதிகம். அதை வாய்க்காலில் விட்டுவிட்டு யூரியா மூட்டைக்குக் கடையில் நிற்கிறோம்!

மக்காத எருவைத் தண்ணீர் நிற்கும் வயலில் கொட்டினாலும் இதே கதைதான். மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜூன் 12. அதற்கு முன்பே, கோடை உழவில், நன்றாக மக்கிய எருவைப் போட்டுவிட வேண்டும்.

அடுத்தது தீவனம். வெறும் வைக்கோல் சீக்கிரம் செரிக்காது. பால் குறையும், ஒரு லிட்டர் பாலுக்கு வெளியேறும் மீத்தேன் கூடும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, தார்ப்பாயால் இறுக மூடி 21 நாள் வைக்கலாம். நெடி போக ஆறவிட்டுக் கொடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு வேண்டாம். யூரியாவைக் கழனித்தண்ணியில் கலக்கவே கூடாது, மாடு செத்துவிடும். வேலிமசால், அகத்தி மாதிரி பசுந்தீவனம் இருந்தால் இன்னும் நல்லது. அறுப்பு மெஷின் போட்ட வைக்கோலைக் கொளுத்துவதை என்னவென்று சொல்ல? கட்டு கட்டும் மெஷின்தான் வந்துவிட்டதே.

சினை பிடிக்காத மாட்டை வருடக்கணக்கில் கட்டிப்போடுவதும் தவறுதான். பால் கறக்காவிட்டாலும் அது ஏப்பம் விட்டுக்கொண்டுதான் இருக்கும். தாது உப்பு கொடுத்து, பருவத்தைக் கவனித்து, காலத்தில் சினை ஊசி போடுங்கள்.

நாட்டு மாடு மீத்தேன் விடாது என்று சிலர் பேசுகிறார்கள். அசைபோடும் எல்லா மாடும் விடும். நம் டெல்டாவின் நாட்டு மாட்டினமான உம்பளச்சேரியின் பெருமை வேறு: சேற்று உழவுக்கு உழைக்கும், உப்புமண் புல்லிலும் பிழைத்துக்கொள்ளும்.

கடைசியாக, சாண எரிவாயு. நாலைந்து மாடு இருந்தால் 2 கன மீட்டர் கலன் ஓடும். ஆனால் கலன் கசிந்தால் மீத்தேனைத் தயாரித்து ஊதிவிடுகிறோம் என்று அர்த்தம். குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்; குமிழ் விடும் இடம்தான் ஓட்டை.