ஹால் டிவி கம்ப்யூட்டருக்கு வயர்லெஸ் கீபோர்டு: எதைப் பாத்து வாங்கணும்?

டிவிக்குப் பின்னாடி ஒரு மினி பிசியோ பழைய லேப்டாப்போ ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டரோ எச்டிஎம்ஐ-ல சொருகி வச்சாச்சு, படம் ஓட்டற சாஃப்ட்வேரான கோடி (Kodi) போட்டாச்சு, படமும் ஓடுது. இப்ப சோஃபால உட்கார்ந்துட்டே அதை ஓட்டணும். நிறைய பேர் உடனே கடைக்குப் போய் ஆபீஸ் டேபிளுக்கு வாங்கற மாதிரியே கீபோர்டு தனி மவுஸ் தனின்னு ஒரு காம்போ வாங்கிட்டு வந்துடறாங்க, அப்புறம் மவுஸை வைக்க இடமில்லாம தொடைல தேய்ச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க. ஹாலுக்கான கீபோர்டுல டைப் பண்ற சுகம் எல்லாம் கடைசிதான், மத்த விஷயங்கள் சரியா இருக்கான்னு முதல்ல பாக்கணும்.

முதல்ல, கீபோர்டு தேவையான்னு பாருங்க

உங்ககிட்ட இருக்கறது ராஸ்பெர்ரி பை, அதுல கோடி ஓட்டறதுக்குன்னே இருக்கற லிப்ரெஎலெக்-ங்கற சிஸ்டத்தைப் போட்டு கோடி மட்டும்தான் பாப்பீங்கன்னா டிவி ரிமோட்டே போதும். எச்டிஎம்ஐ-சிஇசி-ன்னு ஒரு வசதி, டிவி ரிமோட்ல அமுக்கற பட்டனை அதே எச்டிஎம்ஐ கேபிள் வழியா ராஸ்பெர்ரி பைக்கு அனுப்பிடும். டிவி செட்டிங்ஸ்ல அந்தப் பேர்லயே தேடாதீங்க, சாம்சங்ல எனிநெட் ப்ளஸ், எல்ஜி-ல சிம்ப்ளிங்க், சோனில பிராவியா சிங்க்னு ஆளுக்கு ஒரு பேர் வச்சிருக்காங்க. ஆனா சாதாரண பிசி கிராஃபிக்ஸ்ல பெரும்பாலும் சிஇசி கிடையாது. அதோட பிரவுசர் தொறக்கணும், யூட்யூப்ல தேடணும், பாஸ்வேர்டு அடிக்கணும்னா ரிமோட்டை வச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா நகத்தறது பெரிய கொடுமை. அப்ப கீபோர்டு வேணும்.

டச்பேட் அதுலயே இருக்கணும்

இதுல பேச்சே இல்ல. ரெண்டு வகை இருக்கு. மடியில வச்சு அடிக்கற சைஸ் ஒண்ணு, லாஜிடெக் கே400 ப்ளஸ் மாதிரி, வலது பக்கம் டச்பேட், இடது மேல் மூலைல ஒரு க்ளிக் பட்டன், ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இடது கட்டைவிரலால க்ளிக் பண்ணலாம். இன்னொண்ணு உள்ளங்கை சைஸ், ரீ ஐ8 மாதிரி, வீடியோ கேம் ரிமோட் பிடிக்கற மாதிரி பிடிச்சு ரெண்டு கட்டைவிரலால அடிக்கணும். பிரவுசர் அதிகமா பாக்கற வீடுன்னா மடி சைஸ் வாங்குங்க. கோடில படம் தேடி ஓடவிடறதோட சரின்னா சின்னது போதும், ஆனா சின்னது சோஃபா இடுக்குல போய் மாட்டிக்கும், அதைத் தேடறது தனி வேலை.

லைட்டை அணைச்சுட்டுப் படம் பாக்கறவங்களா இருந்தா கீக்கு அடியில வெளிச்சம் வருதான்னு பாத்துக்கோங்க. கே400 ப்ளஸ்ல அது இல்ல. வால்யூம் பட்டன் தனியா இருக்கான்னும் பாருங்க, தினமும் அதிகமா அமுக்கப் போறது அதைத்தான்.

ப்ளூடூத்தா டாங்கிளா

என்னைக் கேட்டா டாங்கிள்தான், அதாவது பொடிசா ஒரு யூஎஸ்பி ரிசீவரோட வர்றது. கம்ப்யூட்டருக்கு அது சாதாரண யூஎஸ்பி கீபோர்டு சொருகின மாதிரிதான் தெரியும், அதனால விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே, பயோஸ்லயே, அதாவது பிசி ஆன் ஆனதும் முதல்ல வர்ற அடிப்படை செட்டிங் ஸ்க்ரீன்லயே வேலை செய்யும். ப்ளூடூத் கீபோர்டு பெரும்பாலும் உள்ள சிஸ்டம் முழுசா எழுந்த அப்புறம்தான் கனெக்ட் ஆகும். பயோஸுக்கு எதுக்கு போகப்போறோம்னு நினைக்காதீங்க, கரண்ட் போய் வந்தா பிசி தானா ஆன் ஆகணும்னா அந்த செட்டிங் பயோஸ்லதான் இருக்கு, அப்டேட் பண்ணி ஏதாவது சொதப்பினாலும் அங்கதான் போகணும். ப்ளூடூத் வாங்கறதா இருந்தா பழைய வயர் கீபோர்டு ஒண்ணை அலமாரில வச்சிருங்க.

எவ்வளவு தூரம்

அட்டைப்பெட்டில 10 மீட்டர்னு போட்டிருக்கும். நம்ம ஹால்ல சோஃபாவுக்கும் டிவிக்கும் அதுல பாதி கூட இருக்காது, ஆனாலும் எழுத்து விட்டுவிட்டு விழுதும்பாங்க. ரெண்டு காரணம். ஒண்ணு, பிசி டிவிக்குப் பின்னாடியோ இரும்பு ஷெல்ஃபுக்குள்ளயோ ஒளிஞ்சிருக்கும். இன்னொண்ணு பலருக்குத் தெரியாது: இந்த டாங்கிள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல பேசுது, யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதுல சொருகின ஹார்டு டிஸ்க்கும் வேலை செய்யறப்போ அதே அலைவரிசைல இரைச்சல் கிளப்பும், இன்டெல்லே 2012-ல இதைப் பத்தி விளக்கமா எழுதியிருக்கு. அதனால படம் வச்சிருக்கற ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்துப் போர்ட்ல டாங்கிளைச் சொருகாதீங்க. நீல கலர் போர்ட்டை விட்டுட்டு கருப்புல, அதாவது யூஎஸ்பி 2.0-ல போடுங்க. அப்படியும் சரியாகலன்னா ஒரு சின்ன யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை டிவிக்கு முன்னாடி தெரியற மாதிரி வச்சிருங்க, புது கீபோர்டுக்குச் செலவு பண்ற காசு மிச்சம்.

பேட்டரி, பாதுகாப்பு

ஏஏ பேட்டரி போடற மாடல்னா தீர்ந்ததும் மாத்திட்டுப் போயிட்டே இருக்கலாம், கே400 ப்ளஸ்ல ரெண்டு ஏஏ, 18 மாசம் வரும்னு கம்பெனி சொல்லுது. உள்ளயே சார்ஜ் ஆகற பேட்டரின்னா படம் நடுவுல செத்தா கேபிள் தேடணும். எதுவா இருந்தாலும் ஆன் ஆஃப் ஸ்விட்ச் இருக்கறதா பாருங்க, இல்லன்னா தலையணைக்கு அடியில அமுங்கி ராத்திரி அதுபாட்டுக்கு ஏதாவது ஓடவிடும்.

ரொம்ப சீப்பான டாங்கிள் கீபோர்டு சிலது அடிக்கற எழுத்தை என்க்ரிப்ட் பண்ணாமலே, அதாவது மத்தவங்க படிக்க முடியாத மாதிரி பூட்டாமலே அனுப்பும், 2016-ல பாஸ்டில்-ங்கற பாதுகாப்பு நிறுவனம் இதைப் பகிரங்கமா காட்டினாங்க, பக்கத்து ஃப்ளாட்ல இருந்து கூட ஒட்டுக் கேக்கலாம். பெட்டில ஏஇஎஸ் என்க்ரிப்ஷன்னு போட்டிருந்தா நல்லது. போடலன்னா அதுல பேங்க் பாஸ்வேர்டு அடிக்காதீங்க, அவ்வளவுதான்.

வாங்கி வந்ததும் செஞ்சு பாக்க வேண்டியது

ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள இதெல்லாம் பாத்துடுங்க. பிசியை ஆன் பண்ணி டெலீட் இல்லன்னா எஃப்2 அமுக்கி பயோஸ் வருதான்னு பாருங்க, உங்க பிசிக்கு எந்த பட்டன்னு ஸ்க்ரீன்லயே ஒரு நொடி காட்டும், சில கீபோர்டுல எஃப் வரிசைக்கு எஃப்என்-ஐயும் சேத்து அமுக்கணும். அடுத்து விண்டோஸை ஸ்லீப்ல போட்டு கீபோர்டால எழுப்பிப் பாருங்க, எழுந்திரிக்கலன்னா டிவைஸ் மேனேஜர்ல கீபோர்டைத் தொறந்து பவர் மேனேஜ்மென்ட்ல கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதிக்கற டிக் போடணும். அப்புறம் நீங்க வழக்கமா உட்கார்ற இடத்துல இருந்தே கோடியை ஓட்டுங்க: ஸ்பேஸ் அடிச்சா நிக்கும், எக்ஸ் அடிச்சா படம் மூடும், டி (T) சப்டைட்டிலுக்கு, ஐ படத்தோட விவரத்துக்கு, எஸ் அடிச்சா ஷட்டவுன் மெனு, பின்னாடி போக பேக்ஸ்பேஸ். டச்பேட்ல கர்சரை மூலைல இருந்து மூலைக்கு இழுத்துப் பாருங்க, குதிச்சுக் குதிச்சு போச்சுன்னா முதல்ல டாங்கிள் இடத்தை மாத்துங்க, அப்பவும் குதிச்சா திருப்பிக் கொடுத்துடுங்க.

தமிழ்ல தேடறவங்களுக்கு தனி கீபோர்டு எதுவும் வேண்டாம். விண்டோஸ்ல தமிழ் 99-ங்கற தமிழ் கீபோர்டு அமைப்பைச் சேத்துட்டு விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேத்து அமுக்கினா மாறிடும், எழுத்து இடம் பழகாதவங்க கீ மேல ஒட்டற ஸ்டிக்கர் வாங்கிக்கலாம், உள்ளங்கை சைஸ் கீபோர்டுல மட்டும் அது ஒட்டாது.